தீக்குச்சியால் அளந்த தாழ்வாரம்

இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் நினைவிலிருந்து எழுதியவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொழும்பில் நான் குறிப்பெழுதிய நூற்று இருபது பக்க நோட்டுப் புத்தகம் அந்த நகரத்தின் ஒரு காவல் நிலையத்தில் தங்கிவிட்டது. நான் எட்டாம் நாள் திரும்பிவிட்டேன். அது திரும்பவில்லை.

அழைத்தது என் தங்கை சரோஜா. திருச்சிக்குப் படிக்க வந்த யாழ்ப்பாணத்துக்காரர் சிவநேசனைக் கட்டிக்கொண்டு இருபத்து நாலு வருடமாக வெள்ளவத்தையில் இருக்கிறாள். ஒரே மகள் தாரணி, வயது இருபது. அவளுக்கு இரண்டு இடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒன்று, நகருக்கு வெளியே பெரிய அரசுப் பல்கலைக்கழகம்; தாவரவியல்; நாலு வருடம். மற்றது, வெள்ளவத்தையிலேயே ஒரு சின்னத் தனியார் கல்லூரி, கம்ப்யூட்டர், மூன்று வருடம். இரண்டிலும் சேரக் கடைசி நாள் ஒரே வெள்ளிக்கிழமை.

“அண்ணா, நீ வந்து எண்ணிப் பார்த்துச் சொல்லு. இங்க நானும் அவரும் கத்திக் கத்தித் தொண்டை போச்சு” என்றாள் தொலைபேசியில்.

நான் புள்ளியியல் துறையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவன். கிணறு, மாடு, தென்னை, ஓட்டு வீடு, கூரை வீடு என்று எண்ணாதது கிடையாது. ஓய்வு பெற்றபின் என்னை யாரும் எதையும் எண்ணச் சொன்னதில்லை. மூன்றாம் நாளே புறப்பட்டுவிட்டேன். பணத்தை மட்டும் எண்ண வேண்டாம் என்றாள். அதைச் சிவநேசன் எண்ணி முடித்துவிட்டாராம்.

சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. சனிக்கிழமை விமான நிலையத்திலிருந்து வெள்ளவத்தை போய்ச் சேருவதற்குள் வண்டியை ஏழு இடத்தில் நிறுத்தினார்கள். மூன்று இடத்தில் என் பெட்டி திறக்கப்பட்டது. சரோஜாவுக்குக் கொண்டுபோன முறுக்கில் ஒன்றை ஒரு சிப்பாய் உடைத்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை என்று உறுதியானதும் சாப்பிட்டார். நாற்பது கொண்டுபோனேன், முப்பத்தொன்பது சேர்ந்தது.

எங்கள் ஊரில் விருந்தாளி வந்தால் முதலில் காபி. கொழும்பில் முதலில் பொலிஸ். வீட்டுக்கு யார் வந்தாலும் உடனே போய்ப் பதிய வேண்டும். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், என்ன வயது, என்ன தொழில் என்று ஒரு பத்திரம் உண்டு. சிவநேசன் அதை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருந்தார். கூடவே ஆறு நகல்.

“இந்த வீட்டில முக்கியமான சாமான் இதுதான் அத்தான். பாஸ்போட் துலைஞ்சாலும் பறவாயில்லை.”

மனைவியின் அண்ணனை அங்கே அத்தான் என்பார்களாம். நான் திரும்பிப் பார்க்கப் பழக இரண்டு நாள் ஆயிற்று.

போன வருடம் வீட்டு இலக்கத்தில் ஓர் எழுத்தைத் திருத்த அவர் மூன்று தடவை காவல் நிலையத்துக்கு அலைந்தாராம். “அவையின்ர புத்தகத்தில ஒருக்கா எழுதினா எழுதினதுதான். நாங்கள் மாறினாலும் அது மாறாது.” பத்திரத்தில் நாலு வரி இருந்தது. சிவநேசன், கப்பல் கம்பெனி ஊழியர். சரோஜா, வீட்டு வேலை. தாரணி என்ற மூன்றாவது வரியில் தொழில் என்ற இடம் காலி. அவள் எங்காவது சேர்ந்தபின் எழுதலாம் என்று சொல்லியிருந்தார்களாம். நாலாவது வரியில் என்னைச் சேர்த்தார்கள். ‘பென்ஷன்காரர், இந்தியா.’

ஞாயிற்றுக்கிழமை காலை இடியப்பம், சொதி, சம்பல். நான் பதினொன்று சாப்பிட்டேன். இடியப்பத்தை எண்ணிச் சாப்பிடுவதற்கென்றே வட்டம் வட்டமாகச் செய்திருக்கிறார்கள். எங்கள் உப்புமாவில் அந்த வசதி இல்லை.

சாப்பாட்டோடு வழக்கும் தொடங்கியது. சரோஜாவின் கட்சி தனியார் கல்லூரி. அவள் என்னைக் கையைப் பிடித்துச் சமையலறை ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். எதிரே, சந்து தாண்டி, ஒரு கட்டடத்தின் மாடி. அதில் ஒரு வகுப்பறை. அதில் ஒரு மேசை.

“அந்த மூண்டாவது மேசையில பிள்ளையை இருத்தினா, நான் இங்க வெங்காயம் வெட்டிக்கொண்டே பாத்துக்கொண்டிருக்கலாம். மத்தியானம் சோறு ஆறுறதுக்கு முன்னமே கொண்டுபோய்க் குடுத்திடலாம். நாட்டு நிலைமையில இதைவிட வேற என்ன வேணும்?”

“கம்பஸ் எண்டா கம்பஸ்தான். ஊரில எத்தினை பிள்ளையள் ஏங்குதுகள்” என்று பல்கலைக்கழகத்துக்கு வக்காலத்து வாங்கினார் சிவநேசன். அடுத்த மூச்சிலேயே, “ஆனா ரெண்டு பஸ் மாறோணும். வழியில செக்கிங் வேற” என்று தாமே தமக்கு எதிராகவும் பேசினார். இருவரும் ஒவ்வொரு முறையும் முடிப்பது ஒரே வாக்கியத்தில்தான்: “எனக்கு ஒண்டுமில்லை. அவளின்ர விருப்பம்தான்.”

நான் நோட்டில் நாலு கட்டம் போட்டேன். சிவநேசன், சரோஜா, கொட்டாஞ்சேனையில் இருக்கும் சிவநேசனின் அக்கா, தாரணி. யார் இந்த விஷயத்தில் வாய் திறந்தாலும் அவர் கட்டத்தில் ஒரு கோடு. கூடவே இரு கல்விச்சாலைகளையும் இருபது தலைப்பில் ஒப்பிட ஒரு மதிப்பெண் அட்டவணை. தாரணி அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கொட்டாஞ்சேனை. பதினெட்டாவது நிறுத்தத்தில் இறங்கச் சொல்லியிருந்தார் சிவநேசன். பஸ்ஸில் நடத்துநர் “இஸ்ஸரஹட யன்ன” என்று கத்திக்கொண்டே இருந்தார். முன்னால் போ என்று பொருளாம். முன்னால் இடம் இருந்தால் நான் ஏன் இன்னொருவர் செருப்பின் மேல் நிற்கிறேன்? நிறுத்தங்களைக் கவனமாக எண்ணினேன். கொழும்பில் ஒரு பெண்மணி குடையை உயர்த்தினாலும் பஸ் நிற்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. என் பதினெட்டாவது நிறுத்தம் கொள்ளுப்பிட்டியில் வந்துவிட்டது. பாதி வழிகூட இல்லை.

ஓர் ஆட்டோக்காரர் காப்பாற்றினார். கொச்சிக்கடைத் தேவாலயத்தருகே பாதையை மறித்திருந்ததால் அங்கேயே இறக்கிவிட்டார். அங்கிருந்து துறைமுக லொறிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். லொறி நாற்பத்தாறு.

அக்காவின் பெயர் பரமேஸ்வரி. நாலாம் மாடி, அறுபத்தெட்டுப் படி. கதவைத் திறந்தபடியே தொடங்கினார்.

“நீங்கள்தானே எண்ணுறவர்? வாங்கோ, இருங்கோ. முதல்ல இதை எழுதுங்கோ. பிரைவேட் எண்டா காசு குடுத்தாக் கதவு திறக்கும். கம்பஸ் எண்டா மாக்ஸ் எடுத்தாத்தான் திறக்கும். எழுதியிட்டீங்களோ?”

எழுதினேன்.

“எங்கட குடும்பத்தில கம்பஸ் போகாதது என்ர தம்பி ஒருத்தன்தான். அவனை இந்தியாவுக்குப் படிக்க அனுப்பினம். போனவன் கலியாணம் கட்டிக்கொண்டு வந்தான்.” அந்தக் கலியாணத்தில் பந்தி பரிமாறியவன் நான் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். இன்னொரு தோசை போட்டார். “உங்கட தங்கச்சி நல்ல பிள்ளைதான். அது வேற.” விடைபெறும்போது அவரும் சொன்னார்: “எனக்கு ஒண்டுமில்லை. அவளின்ர விருப்பம்தான்.” ஒன்பது கோடு.

செவ்வாய்க்கிழமை நானும் தாரணியும் தனியார் கல்லூரிக்குப் போனோம். வீட்டிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு அடி. கீழே சேலைக் கடை, மேலே கல்வி. வகுப்பறை நாலு, மாணவர் முப்பத்து நாலு, கம்ப்யூட்டர் பன்னிரண்டு. அதில் மூன்றுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள்; அவை வேலை செய்யவில்லை. நூலகம் என்பது ஓர் அலமாரி. எண்பத்தேழு புத்தகம், அதில் முப்பது ஒரே புத்தகம்.

நெக்டை கட்டிய இயக்குநர் எங்களை அன்போடு வரவேற்றார். “இங்க ஒரு பிள்ளையும் நம்பர் இல்லை ஐயா. எல்லாரையும் எங்களுக்குப் பேர் சொல்லித் தெரியும். என்ன, தர்ஷினி?”

“தாரணி” என்றாள் தாரணி.

“ஓம் ஓம், தாரணி.”

நம்பராக இருப்பதில் என்ன குறை என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அறை குளிர்ச்சியாக இருந்தது, பாடம் நடத்திய பெண்ணும் தெளிவாகப் பேசினார், எனவே அடக்கிக்கொண்டேன். இயக்குநர் தாரணியை ஒரு மேசையில் உட்காரச் சொன்னார். மூன்றாவது மேசை. அவள் உட்கார்ந்து, மெல்லத் திரும்பி, ஜன்னல் வழியே பார்த்தாள். சந்துக்கு அந்தப் பக்கம் சரோஜா அகப்பையை ஆட்டிக்கொண்டிருந்தாள். தாரணி கையசைக்கவில்லை. மரியாதைக்கு நான் அசைத்தேன்.

இரண்டு நிமிடத்தில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்ட பெண் வகுப்பறை வாசலுக்கு வந்து சொன்னாள்: “தாரணியின்ர அம்மா. பிள்ளையைக் கொஞ்சம் நிமிர்ந்து இருக்கட்டாம்.”

புதன்கிழமை பல்கலைக்கழகம். இரண்டு பஸ். வாசல் நாலு, காவலர் ஆறு, அவர்களில் தூங்குபவர் ஒன்று. கட்டடம் பதினொன்று. வாசலிலிருந்து நூலகம் வரை மரம் அறுபத்தொன்று. ஒவ்வொன்றின் பெயரையும் தாரணி சொன்னாள், நான் எண்ணை மட்டும் எழுதினேன். நாய் பத்தொன்பது. பெரிய விரிவுரை மண்டபத்தில் இருநூற்று நாற்பது இருக்கை, உடைந்தது இருபத்து மூன்று. மாணவர்களை எண்ண மூன்று முறை முயன்று தோற்றேன். ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறார்கள். மாடுகள் இவ்வளவு சிரமம் கொடுத்ததில்லை.

உணவகத்தில் முக்கோணமாக ஒரு பன் வைத்திருந்தார்கள். கிட்டத்தட்டச் சமபக்க முக்கோணம். வடிவத்தை மெச்சிக்கொண்டே பாதி தின்றபிறகுதான் தாரணி அது மாலு பாண் என்றும், மாலு என்றால் மீன் என்றும் சொன்னாள். நான் பிறந்ததிலிருந்து சைவம். அரை மீன் என்று குறித்துக்கொண்டேன்.

விஞ்ஞானக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் ஐந்து மூத்த மாணவர்கள் எங்களை மறித்தார்கள். அவர்களின் தலைவன்போல் தெரிந்த நெட்டைப் பையன் தாரணியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டான். கேட்டபின் ஒரு தீக்குச்சியை நீட்டினான். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“மாமா, இது ராகிங். இந்த ஆண்டு வரப்போற ஆள்தானே எண்டு, இந்தத் தாழ்வாரத்தை நெருப்புக்குச்சியால அளந்து நீளம் சொல்லட்டாம். வாங்கோ, போயிடுவம்.”

“எந்த முனையிலிருந்து?” என்றேன் நான்.

“மாமா!”

“கேட்டுச் சொல்லம்மா. அளவெடுப்பதற்கு எல்லை தெரிய வேண்டாமா?”

அவள் கேட்டாள். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கொடுத்த குச்சியின் மருந்து உதிர்ந்திருந்ததால் அதை நிராகரித்து வேறு கேட்டேன். ஒவ்வொரு முறை குச்சி வைக்கும்போதும் கோடு போடச் சுண்ணக்கட்டி வேண்டும் என்றேன். என் எண்ணிக்கையைச் சரிபார்க்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும் என்றேன். துறையில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். நெட்டைப் பையன் சுண்ணக்கட்டி தேடி ஓடினான்.

தாரணி குச்சியை வைக்க, ஒரு பையன் கோடு போட, நான் குனிந்து எண்ண, நெட்டையன் சிங்களத்தில் எண்ணிச் சரிபார்க்க, ஊர்வலம் நகர்ந்தது. நானூறில் அவனுக்கும் எனக்கும் இரண்டு வித்தியாசம் வந்தது. முந்நூற்று எண்பதுக்குத் திரும்பிப் போய் மறுபடி எண்ண வைத்தேன். பையன் ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினான். எழுநூறில் கண்ணாடி போட்ட ஒரு பெண் எனக்குப் பால் விடாத தேநீர் கொண்டுவந்தாள். ஒரு விரிவுரையாளர் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார், தினமும் பார்ப்பதைப்போல. கடைசிச் சுவரைத் தொட்டபோது நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம். ஒரு மணி நாலு நிமிடம். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று தீக்குச்சி.

“அகலத்தையும் அளந்துவிடலாம்” என்றேன்.

“எப்பா சீயா, எப்பா!” என்று கும்பிட்டான் நெட்டையன். வேண்டாம் தாத்தா என்று அர்த்தமாம். எனக்கு அறுபத்தெட்டுதான். தாரணி சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐந்து நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல். அதை எந்தத் தலைப்பில் குறிப்பது என்று தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மதிப்பெண்களைக் கூட்டினேன். பல்கலைக்கழகம் அறுபத்து மூன்று. தனியார் கல்லூரி அறுபத்து மூன்று. கால் மதிப்பெண்களைப் பிரித்துக் கூட்டினேன். அதே அறுபத்து மூன்று. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. என்னை நம்பி இரண்டு பேர் தொண்டைக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். மூன்றாம் முறை கூட்டிக்கொண்டிருந்தபோது பஸ் சோதனைச் சாவடியில் நின்று எல்லோரும் இறங்கினார்கள். தாரணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “இதோ, இந்த ஒரு வரிசை” என்றேன். காலி பஸ்ஸில் ஒரு கிழவன் மட்டும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் சிப்பாய்க்கு என்ன தோன்றும்? ஏறிவந்து நோட்டை வாங்கிக்கொண்டார்.

பக்கத்திலேயே, என்னைப் பதிந்த அதே வெள்ளவத்தைக் காவல் நிலையத்தில் எங்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்குத் தகவல் போயிற்று. சிவநேசன் பிஸ்கட் டப்பாவோடு வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். பத்திரத்தையும் ஆறு நகலையும் மேசையில் வரிசையாக வைத்தார். சரோஜா ஒரு சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்; என்னை விட மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். இதைச் சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, அந்த அறையில் அப்போது சிரித்தவர் எண்ணிக்கை பூஜ்யம்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. முஸ்லிம் கான்ஸ்டபிள் ஒருவர் என் நோட்டை முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் உரக்க வாசித்தார்.

“‘வாசல் நாலு. காவலர் ஆறு. தூங்குபவர் ஒன்று.’” இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். “‘சந்தியில் மணல் மூட்டை எழுபத்திரண்டு. ஒன்று கிழிந்துள்ளது.’” எந்தச் சந்தி என்று கேட்டார். “‘தீக்குச்சி ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.’” இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இவ்வளவு நெருப்புக்குச்சிய எங்க வச்சிரிக்கிறீங்க?” என்றார் கான்ஸ்டபிள்.

“ஒன்றுதான். அதையே ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று தடவை” என்றேன்.

இந்தப் பதில் உதவவில்லை. அப்போதுதான் தாரணி எழுந்தாள். மேசைக்கு முன்னால் போய் நின்று, சிங்களத்தில், நடுங்காமல், கையால் குச்சி வைப்பதைக் காட்டிக்காட்டி ஐந்து நிமிடம் பேசினாள். வீட்டில் ஐந்து நாளில் மொத்தமாகவே அவ்வளவு பேசியிருக்க மாட்டாள். இன்ஸ்பெக்டரின் மீசை முதலில் ஒரு பக்கம் அசைந்தது, பிறகு இரண்டு பக்கமும்.

“ஐயா படிச்ச கம்பஸ்ல தாழ்வாரம் இதைவிட நீளமாம்” என்றார் கான்ஸ்டபிள். “அவரும் அளந்திரிக்காராம்.”

சிவநேசன் மூச்சு விட்டார். ஆனால் கான்ஸ்டபிள் பக்கத்தைத் திருப்பினார். “இது என்ன? சிவநேசன் முப்பத்தொண்டு. சரோஜா நாப்பத்துநாலு. பரமேஸ்வரி ஒம்பது. தாரணி…” இன்னும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். “தாரணிக்கு ஒண்டுமில்ல.”

மணல் மூட்டையைக்கூட மன்னித்த இன்ஸ்பெக்டருக்கு அந்தக் காலிக் கட்டம் பெரும் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

“மீன் பாதியக்கூட எழுதின மனிசன் இதை மட்டும் ஏன் எழுதல்ல எண்டு ஐயா கேக்கார். என்னத்த மறைக்கிறீங்க?”

யார் அவள் படிப்பைப் பற்றி எத்தனை தடவை பேசினார்கள் என்ற கணக்கு அது என்று விளக்கினேன்.

“அப்ப இந்தப் புள்ளைட கட்டம் ஏன் வெறுமையா இரிக்கி?”

“அவளை யாரும் கேட்கவில்லை.”

“நீங்க?”

“நானும்தான்.”

முப்பத்து நாலு வருடத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு நான் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியதில்லை.

“அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ளை” என்றாள் சரோஜா.

“எனக்கு ஒண்டுமில்லை. அவளின்ர விருப்பம்தான்…” என்று தொடங்கினார் சிவநேசன்.

“முப்பத்திரண்டு” என்றேன், பழக்கதோஷத்தில்.

இன்ஸ்பெக்டர் எங்களைக் கையமர்த்தினார். குடும்பப் பத்திரத்தை எடுத்தார். மூன்றாவது வரியில் விரல் வைத்தார். தொழில் காலி. பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டு தாரணியிடமே நேராகக் கேட்டார். அவள் உடனே சொன்னாள். அவர் இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் சொன்னாள். அவர் எழுதினார்.

“என்ன சொல்றாள்? என்ன சொல்றாள்?” என்று சரோஜா கான்ஸ்டபிளை உலுக்கினாள். இத்தனை வருடம் இருந்தும் அவளுக்குக் காய்கறிச் சிங்களம் மட்டும்தான் தெரியும்.

“மாணவி எண்டு எழுதச் சொல்றா. கம்பஸாம். ஏன் எண்டு ஐயா கேட்டார்.” கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினார். “வீட்டுச் சமையலறை ஜன்னல்ல இருந்து பாத்தா அது தெரியாதாம்.”

சரோஜா சோற்றுப் பார்சலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சிவநேசன் மேசை மேல் குனிந்து பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார்.

“மையில எழுதிப்போட்டாரோ?”

“மையிலதான்.”

“அப்ப முடிஞ்சுது சரோ. இனி மாத்திறதெண்டா மூண்டு தரம் வரோணும்.”

நோட்டுப் புத்தகத்தை விசாரணைக்கு வைத்துக்கொண்டு ஒரு துண்டு ரசீது கொடுத்தார்கள். திரும்பும் ஆட்டோவில் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வண்டி புறப்பட்டதும் சரோஜா கேட்டாள்.

“அண்ணா, உன்ர கணக்கில எது வந்துது?”

“அறுபத்து மூன்றுக்கு அறுபத்து மூன்று.”

“இதுக்கா உன்னைக் கூப்பிட்டன்!”

மகளிடம் அவள் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: “மத்தியானச் சோறு?” கட்டிக்கொண்டு போகிறேன் என்றாள் தாரணி. பார்சலை அங்கேயே பிரித்து எனக்குத் தந்தார்கள். கத்தரிக்காய்ப் பால்கறி. எத்தனை துண்டு என்று எழுத நோட்டு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பல்கலைக்கழகத்தில் பதிந்துகொண்டாள். சனிக்கிழமை நான் ஊர் திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து தாரணியின் கடிதம் வந்தது. அம்மா ஜன்னலில் திரைச்சீலை போட்டுவிட்டாளாம். அப்பா பத்திரத்துக்குப் புதிதாக ஆறு நகல் எடுத்திருக்கிறாராம். கடைசியில் ஒரு பத்தி: “மாமா, நானும் கூட்டாளிப் பிள்ளையளும் தாழ்வாரத்தைத் திரும்ப அளந்தனாங்கள். ஒருத்தரும் சொல்லேல்லை, சும்மாதான். ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது. மூண்டு பேர் சரிபார்த்தவை. நீங்கள் நாலு கூட எண்ணிப்போட்டீங்கள்.”

நாலு கூடுதலா? இருக்க முடியாது. அவள் குச்சி நீளமாக இருந்திருக்கும். எழுநூறில் தேநீர் வந்தது உண்மைதான். ஆனால் அப்போதும் நான் ஒரு கையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. சரிபார்க்கலாம் என்றால் நோட்டு அங்கே இருக்கிறது. பதில் கடிதம் இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

பிறகு புது நோட்டு ஒன்று வாங்கி, அதே நாலு கட்டத்தைப் போட்டு, தாரணி என்ற கட்டத்தில் 1,139 என்று மையில் எழுதினேன். பக்கத்தில் என் எண்ணும் இருக்கிறது. பென்சிலில்.